பழைய ஜீப்புக்கு எந்த டீசல் என்ஜின்?

சனி ஞாயிறு ஆனா சென்னை, பெங்களூர்ல இருந்து பசங்க எங்க கீழ்மலைப் பக்கம் வர்றாங்க. வந்தவங்க என் ஜீப் பக்கத்துல நின்னு போட்டோ எடுக்கிறாங்க. அதுல ஒருத்தராவது, "அண்ணே, நானும் ஒரு பழைய பெட்ரோல் ஜீப் பார்த்து வச்சிருக்கேன். டீசல் என்ஜின் மாத்தணும், எது போடலாம்?"னு கேட்பாங்க. கேட்ட கையோட அவங்களே பதிலும் சொல்லிடுவாங்க: "ஸ்கார்ப்பியோ என்ஜின் போட்டா பறக்கும்ல?"

பறக்கும், நான் மறுக்கல. ஆனா ஜீப் பறக்குறதுக்காகச் செஞ்ச வண்டி இல்ல. என் கருத்து இதுதான்: பழைய ஜீப்புக்கு என்ஜின் தேர்ந்தெடுக்கும்போது குதிரைத்திறனைப் பார்க்காதீங்க. அந்த வண்டியில இருக்கிறதிலேயே பலவீனமான பாகம் எதைத் தாங்கும், பக்கத்து டவுன்ல இருக்கிற மெக்கானிக்குக்கு எது கை பழகியிருக்கு, இந்த ரெண்டையும் பாருங்க.

முதல்ல வண்டி என்னன்னு தெரிஞ்சுக்கணும். நம்ம ஊர் மலைகள்ல இன்னும் ஓடுற உயரமான பானெட் ஜீப் பெரும்பாலும் சிஜே3பி. அமெரிக்க வில்லிஸ் வடிவம், மஹிந்திரா இங்க செஞ்சது. அதுல வந்த ஹரிக்கேன் பெட்ரோல் என்ஜின் 2.2 லிட்டர். திறன் சுமார் 75 குதிரை, இழுவை சுமார் 155 நியூட்டன் மீட்டர். மூணு கியர் பெட்டி, ஆக்சில், கிரவுன், பிரேக் எல்லாம் இந்த அளவுக்குக் கணக்குப் போட்டுச் செஞ்சது. ஸ்கார்ப்பியோவுல வந்த எம்ஹாக் என்ஜின் 120 குதிரை, 290 நியூட்டன் மீட்டர். இழுவை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு.

"இழுவை கூடினா நல்லதுதானே"ன்னு கேட்பீங்க. ஒரு கணக்குச் சொல்றேன். ஜீப்புல ஃபோர் வீல் லோ போட்டு முதல் கியர்ல ஏறும்போது, கியர்பாக்ஸ், டிரான்ஸ்பர் கேஸ், கிரவுன் மூணும் சேர்ந்து என்ஜின் இழுவையைச் சுமார் 37 மடங்கா சக்கரத்துக்குக் கொடுக்குது. பழைய 155-லயே மிளகு மூட்டையோட சேத்து வண்டி செங்குத்துப் பாதையில ஏறிடும். அங்க 290-ஐக் கொடுத்தா, பாறையில சக்கரம் சிக்குற நிமிஷம் ஏதாவது ஒண்ணு உடையணும். ஆக்சில் ஷாஃப்ட் உடையும், இல்ல கிராஸ் போகும், இல்ல கியர் பல்லு போகும். டவுன்ல உடைஞ்சா டோயிங் வண்டி வரும். மலைக்காட்டுப் பாதையில உடைஞ்சா நடக்க வேண்டியதுதான். மூட்டையைத் தலையில சுமந்து இறக்கணும்.

அதுக்காக இன்னொரு பக்கம் ரொம்பப் போகவும் கூடாது. டிராக்டர் குடும்பத்து என்ஜின் போட்ட ஜீப்புகளும் நம்ம பக்கம் உண்டு. கெட்டியான என்ஜின், எந்த ஊர்லயும் ரிப்பேர் பண்ணலாம். ஆனா டிராக்டர்ல அது 2000 சுத்துக்குப் பக்கத்துல ஓடப் பொறந்தது. இந்த ஜீப்புல கிரவுன் 5.38-க்கு 1. 2000 சுத்துன்னா சக்கரம் நிமிஷத்துக்கு சுமார் 372 தடவை சுத்தும். ஒரு சுத்துக்கு ரெண்டேகால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கணக்குப் போட்டா டாப் கியர்ல மணிக்கு 49 கிலோமீட்டர்தான். தோட்டத்துக்குள்ள மட்டும் ஓட்டினா போதும். வத்தலக்குண்டு இறங்கி திண்டுக்கல் ரோட்டைப் பிடிச்சா பின்னாடி வர்ற பஸ்ஸுக்காரர் ஹாரனை எடுக்கவே மாட்டார். அதிர்வும் அதிகம். சேசிஸ்ல மவுண்டிங் பிடிச்ச இடத்துல விரிசல் விழுந்த வண்டியை நானே பார்த்திருக்கேன்.

நடுவுல இருக்கிறது ரெண்டு. ஒண்ணு, மஹிந்திராவே தன் ஜீப்புகள்ல போட்ட பியூஜோ டீசல், 2112 சிசி. இன்னொண்ணு, கமாண்டர் மாதிரி வண்டிகள்ல வந்த டி.ஐ. என்ஜின், 2523 சிசி. என் வண்டியில இருக்கிறது முதல் வகை. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் விடியக்காலையில தெரியும். பியூஜோவுக்கு ஹீட்டர் பிளக் வேணும். மார்கழிக் குளிர்ல ஹீட்டர் சூடாகக் கொஞ்ச நேரம் காத்திருந்துதான் சாவி திருப்பணும். டி.ஐ. என்ஜின் அந்தத் தொல்லை இல்லாம ஸ்டார்ட் ஆகும், டீசலும் கொஞ்சம் குறைவாக் குடிக்கும். ஆனா சத்தமும் ஆட்டமும் ஜாஸ்தி. ரெண்டுமே பழைய மாதிரி பம்ப், நோசில். கம்ப்யூட்டர் கிடையாது. மழையில நனைஞ்சு சென்சார் போச்சுங்கிற பேச்சே வராது. டேங்க்ல டீசல் இருந்து, காத்துப் பிடிக்காம இருந்தா ஓடும்.

இன்னொரு வசதி, ரெண்டும் ஜீப் குடும்பத்துக்குள்ளேயே வந்ததால பெல் ஹவுசிங், மவுண்டிங், ரேடியேட்டர் எல்லாம் பழைய வண்டி உடைக்கிற கடைகள்ல கிடைக்கும். வேற கம்பெனி என்ஜின்னா லேத்துல அடாப்டர் பிளேட் கடையணும். அது ஒரு மயிரிழை விலகினாலும் கிளட்ச்சும் கியர்பாக்ஸ் பேரிங்கும் மாறி மாறிப் போகும். முடிஞ்சா என்ஜினையும் கியர்பாக்ஸையும் ஒரே வண்டியில இருந்து ஜோடியா எடுங்க. டெம்போ டிராக்ஸ்ல வந்த மெர்சிடிஸ் வழி என்ஜினைப் போட்டு நல்லா ஓட்டுறவங்களும் இருக்காங்க. அது நல்ல என்ஜின்தான். ஆனா அதைப் பொருத்தின ஆளு உங்க பக்கத்துல இருந்தா மட்டும் போடுங்க.

அதனாலதான் என்ஜினுக்கு முன்னாடி மெக்கானிக்கைத் தேடச் சொல்றேன். உங்க வீட்டுல இருந்து இருபது கிலோமீட்டருக்குள்ள அந்தப் பம்பைக் கழட்டி மாட்டத் தெரிஞ்ச டீசல் பம்ப் கடை இருக்கா? ரிங், பிஸ்டன், கேஸ்கட் மறுநாள் கிடைக்குமா? இல்லைன்னா எவ்வளவு பெரிய பேரு உள்ள என்ஜினா இருந்தாலும் ஷெட்டுல நிக்கிற இரும்புதான்.

டவுன் தம்பிகள் மறந்துடுற விஷயம் பிரேக். டீசல் என்ஜின் கனம். முன்பக்கம் அமுங்கும், ஸ்டீயரிங் இறுகும், முன் பட்டை கூட்ட வேண்டி வரும். ஆனா பிரேக் அதே பழைய டிரம். பூஸ்டர் வைக்கலாம்னா, பெட்ரோல் என்ஜின்ல கார்புரேட்டருக்குக் கீழே கிடைக்கிற வாக்கும் டீசல்ல கிடையாது. தனியா வாக்கும் பம்ப் வேணும். பெரும்பாலும் ஆல்டர்னேட்டர் பின்னாடியே வரும், அதைக் கேட்டு வாங்குங்க. எங்க மலை ரோட்டுல எத்தனை கொண்டை ஊசி இருக்குன்னு வந்து பார்த்தவங்களுக்குத் தெரியும். வண்டி ஏறாம நின்னா கல்லை முட்டுக்கொடுத்துட்டு யோசிக்கலாம். இறங்கும்போது நிக்கலைன்னா யோசிக்க நேரம் இருக்காது. பின்னாடி உட்கார்ந்திருக்கிறது என் வீட்டுக்காரம்மாவும், காப்பி பறிக்க வர்ற அக்காமார்களும். அதனால என்ஜினுக்கு ஒரு ரூபாய் வச்சா பிரேக், பட்டை, ரேடியேட்டர், பேட்டரிக்குன்னு இன்னொரு ரூபாய் எடுத்து வைங்க. அது கையில இல்லைன்னா இப்ப மாத்தாதீங்க.

அடுத்தது காகிதம். என் வண்டிக்கு 1990கள்லயே மாத்தி புக்குல டீசல்னு ஏத்தியாச்சு. 2000-ல சட்டத்தைத் திருத்தினாங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிருச்சு. அதனால என்ஜின் வாங்குறதுக்கு முன்னாடியே ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எழுதிக் கொடுத்து, அனுமதி உண்டா இல்லையான்னு தெரிஞ்சுக்குங்க. "எல்லாம் பாத்துக்கலாம் சார்"னு சொல்ற புரோக்கர் பேச்சு வேணாம். புக்குல ஒரு என்ஜின் நம்பர், வண்டியில இன்னொண்ணுன்னு இருந்து ஒரு விபத்து நடந்தா, இன்சூரன்ஸ்காரங்க கையை விரிக்க அது ஒண்ணே போதும். அடிபட்டவன் குடும்பத்துக்கு யார் பதில் சொல்றது?

கடைசியா, மாத்தத்தான் வேணுமா? எங்க காலத்துல பெட்ரோலுக்கும் டீசலுக்கும் விலை வித்தியாசம் பெருசு. டீசலுக்கு அரசாங்கம் மானியம் கொடுத்துச்சு. 2014 அக்டோபர்ல டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்துட்டாங்க. இப்ப சென்னையில லிட்டருக்குப் பத்து ரூபாய் வித்தியாசம்கூட இல்ல. தினமும் மூட்டை ஏத்துற எனக்கு டீசலோட மைலேஜும் கீழ்ச்சுத்து இழுவையும் இன்னும் கட்டுபடியாகுது. மாசத்துக்கு ரெண்டு தடவை ஈசிஆர்ல ஓட்டப் போற உங்களுக்கு, மாத்துற காசை மீட்கவே பல வருஷம் ஆகும். அந்தக் காசுல பழைய பெட்ரோல் என்ஜினையே போர் அடிச்சு, ரிங் பிஸ்டன் மாத்தி, பிரேக்கை நல்லாப் பண்ணிக்கலாம். வேகம்தான் வேணும்னா புதுசா ஒரு தார் வாங்குங்க. அது அதுக்குன்னே செஞ்ச வண்டி.

இதையெல்லாம் கேட்ட பிறகும் மாத்தணும்னு தோணினா, வத்தலக்குண்டுப் பக்கம் வரும்போது சொல்லுங்க. என் மெக்கானிக் ஷெட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். அவர் என்ஜினைப் பத்திப் பேச மாட்டார், முதல்ல உங்க வண்டிக்கு அடியில படுத்து ஆக்சிலைத்தான் பார்ப்பார்.