வினைமுதல் இல்லாத மறுப்பு

கிண்டி என்றதும் சிலருக்குச் சிறுவர் பூங்காவும் சிலருக்குப் பாம்புப் பண்ணையும் நினைவுக்கு வரும். தமிழ் பயின்றோர்க்கோ அங்குள்ள தொழிற்பேட்டையின் பெயரே இனிக்கும். 1958-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அத்தொழிற்பேட்டை திரு.வி.க.வின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது அதற்குத் தோள் கொடுத்தவர் அவர். தொழிலாளர் படும் பாட்டை நல்ல தமிழில் மேடையேற்றவும் ஏட்டில் எழுதவும் கூடும் என்று காட்டியவரும் அவரே. அப்பெயர் பூண்ட இடத்தில் இன்று தொழில் நடக்கும் முறையைப் பற்றித் தமிழாசிரியன் ஒருவன் கருத்துரைப்பது அத்துமீறல் ஆகாது என்றே எண்ணுகிறேன்.

அங்குள்ள லேத் பட்டறை ஒன்றைக் கற்பனையாகக் கொள்வோம். வெட்டுக்கருவி தீர்ந்துவிட்டது. சரக்கறைப் பொறுப்பாளர் ஒரு தாளில் எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுக்கிறார். அவர் ஒப்பமிட்டுக் கணக்கரிடம் அனுப்புகிறார். கணக்கர் அதை உரிமையாளரின் மேசையில் வைக்கிறார். உரிமையாளர் கோவைக்குச் சென்றிருக்கிறார். தாள் கண்ணாடிக் குண்டின் அடியில் மூன்று நாள் உறங்குகிறது. எந்திரமும் உடன் உறங்குகிறது.

இப்போது இதற்கென ஒருவகை மென்பொருள் வந்துள்ளது. ஆங்கிலத்தில் 'லோ-கோடு' என்பர். நாம் குறைநிரல் மென்பொருள் எனலாம். அப்பெயரை 2014-இல் ஃபாரஸ்டர் என்னும் அமெரிக்க ஆய்வு நிறுவனம் சூட்டியது. பொருளோ அதற்கு முன்பே சென்னையில் இருந்தது. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தோன்றிப் பின்னர் ஜோஹோ எனப் பெயர் மாறிய நிறுவனம், 2006-இலேயே ஜோஹோ கிரியேட்டர் என்ற கருவியை வெளியிட்டது. சென்னையைச் சேர்ந்த ஆரஞ்ச்ஸ்கேப் நிறுவனம் 2012-இல் கிஸ்ஃபுளோவைக் கொணர்ந்தது. பின்னர் அதன் பெயரையே நிறுவனத்திற்கும் சூட்டிக்கொண்டது. உலகெங்கும் விற்பனையாகும் இவ்வகைக் கருவிகளுள் இரண்டு நம் ஊரில் பிறந்தவை என்பதை நம் மாணவர் பலர் அறியார்.

இதன் இயல்பு எளிது. நிரல் எழுதத் தெரிந்த பொறியாளர் தேவையில்லை. மேற்பார்வையாளரே திரையில் ஒரு படிவத்தை அமைக்கிறார்: பொருள், எண்ணிக்கை, விலை. பின்னர்க் கட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறார். விலை 5,000 ரூபாய்க்கு உட்பட்டதெனில் தம் ஒப்புதலே போதும். மேற்பட்டதெனில் உரிமையாளரின் கைப்பேசிக்குச் செல்க. இரண்டு நாளில் விடை வராதெனில் நினைவூட்டு அனுப்புக. ஒப்புதல் கிடைத்ததெனில் கடைக்காரருக்குக் கொள்முதல் ஆணை மின்னஞ்சலில் போக, இருப்புப் பேரேடும் தானே திருந்துக. மிகச் சில இடங்களில் மட்டும் இரண்டு வரி நிரல் வேண்டியிருக்கும். ஒரு நாளில் கட்டி முடிக்கலாம். மறுநாள் பிழை கண்டால் மாற்றலாம். வேலை செய்பவரே வேலையின் வழியை எழுதுகிறார் என்பதுதான் இதன் பெருஞ்சிறப்பு. முன்பெல்லாம் அது மேலிடத்தாரின் தனியுரிமையாக இருந்தது.

இவ்வொழுங்கைப் 'பணிப்பாய்வு' என்று மொழிபெயர்த்துள்ளனர். பணி நீர்போல் பாயும் என்னும் உருவகம் ஆங்கிலத்தது. நம்மவர் 'கோப்பு நகர்கிறது', 'கோப்பு தூங்குகிறது' என்றே சொல்வர். என் செவிக்குக் 'கோப்போட்டம்' என்பது இன்னும் பொருந்துகிறது. அது கிடக்க.

இது முற்றிலும் புதுமையன்று என்பதைப் பெரியோர் அறிவர். தமிழக அரசு அலுவலகங்களில் இன்றளவும் நிலவும் நடைமுறை, டாட்டன்ஹாம் என்னும் ஆங்கில அதிகாரி வகுத்த முறையின் வழிவந்தது. வரும் தாள் ஒவ்வொன்றும் எழுத்தரின் தன்பதிவேட்டில் ஏறும். எந்த நாள் வந்தது, எந்த நாள் யாருக்குச் சென்றது, எந்த நாள் நினைவூட்டு விடுக்கப்பட்டது என எல்லாம் அங்கே இருக்கும். முடிந்த கோப்புக்கு மூ.மு., ப.மு., நி.மு. என்று குறியிடுவர், மூன்றாண்டு காக்க வேண்டியது எது, பத்தாண்டு காக்க வேண்டியது எது, நிலையாகக் காக்க வேண்டியது எது என்பதை அக்குறி சொல்லும். நினைவூட்டு, காலக்கெடு, படிநிலை ஆகிய மூன்றும் அங்கே இருந்தன. மென்பொருள் செய்வதெல்லாம் அத்தன்பதிவேட்டை மறதியற்றதாக்குவதே.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. தன்பதிவேடு என்னும் பெயரிலேயே 'தன்' இருக்கிறது. அஃது ஒரு மனிதரின் ஏடு. கோப்பின் ஓரத்தில் ஒருவர் குறிப்பெழுதுவார். அடியில் சுருக்கொப்பம் இருக்கும். மறுத்தவர் இன்னார் என்று தெரியும். அவர் நாற்காலிமுன் போய் நிற்கலாம், வாதிடலாம், அவர் மனம் இரங்கலாம், இரங்காமலும் போகலாம்.

குறைநிரல் மென்பொருளில் ஒப்புதலையும் மறுப்பையும் இயந்திரத்திடமே ஒப்படைக்க முடியும். அதுவும் ஒரு கட்டத்தை இழுத்து வைப்பதுபோல் எளிது. 'எனில்' என்னும் நிபந்தனையை எல்லோரும் கருத்தோடு எழுதுகின்றனர். 'இன்றேல்' என்பதைத்தான் போகிற போக்கில் நிரப்பிவிடுகின்றனர். பெயர் பொருந்தியதெனில் ஏற்க, இன்றேல் தள்ளுக. இந்த 'இன்றேல்' என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் விழுகிறார்கள் என்பதைக் கட்டம் அடுக்கியவர் காண்பதில்லை.

நம் மாணவர்க்கு இது கதையன்று. சென்ற ஆண்டு எம் துறை மாணவர் ஒருவர் ஒரு கல்வி உதவித்தொகைக்கு இணையத்தில் விண்ணப்பித்தார். உதவி வழங்குவோர் நல்லோரே, தொகையும் பெரிது. அம்மாணவரின் பெயரில் 'முகம்மது' உண்டு. ஆங்கில எழுத்தில் அப்பெயரை 'ஓ' இட்டு எழுதுவோரும் உளர், 'யூ' இட்டு எழுதுவோரும் உளர். ஓர் 'எம்' இடுவோரும் இரண்டு 'எம்' இடுவோரும் உளர். அவருடைய பள்ளிச் சான்றிதழ் ஒருவிதமாகவும் வங்கி ஏடு வேறுவிதமாகவும் இருந்தன. தந்தையின் முதலெழுத்து ஒன்றில் முன்னும் மற்றொன்றில் பின்னும் நின்றது. மும்முறை விண்ணப்பித்தார். மும்முறையும் ஒரு நிமிடத்திற்குள் விடை வந்தது. ஒருமுறை இரவு பதினொரு மணிக்கு வந்தது. அந்நேரத்தில் எந்த அலுவலரும் விழித்திருந்து படித்திருக்க முடியாது. பேசுவதற்குத் தொலைபேசி எண் இல்லை. கெடு முடிந்தது. பின்னர் நம் சமுதாயப் பெரியவர் சிலர் கைகொடுக்க, அவர் தவணையில் கட்டணம் செலுத்தினார் என்பது வேறு செய்தி. இவ்விடர் முஸ்லிம் பெயர்களுக்கு மட்டும் உரியதன்று. லட்சுமியும் ஜோசப்பும் இதே வாயிலில் நின்றிருக்கிறார்கள். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே சூடும் தமிழர் எவர்க்கும், 'குடும்பப் பெயர்' என்று கேட்கும் கட்டம் ஒரு முள்தான்.

அவருக்கு வந்த விடையை நான் படித்தேன். "தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது." செயப்பாட்டுவினை. எழுவாய் இடத்தில் விண்ணப்பம் அமர்ந்துகொண்டது. நிராகரித்த வினைமுதலைக் காணோம். மூன்றாம் வேற்றுமையில் 'இன்னாரால்' என்று வரவேண்டிய சொல் வாக்கியத்திலும் இல்லை, அலுவலகத்திலும் இல்லை. இலக்கண வகுப்பில் வினைமுதல் தொக்கு நிற்கும் என்போம். இங்கே அது தொகவும் இல்லை, இல்லவே இல்லை.

எனவே என் கருத்து இதுதான்: ஏற்பதை இயந்திரம் சொல்லலாம், இறுதி மறுப்பை ஒரு மனிதர், தம் பெயரிட்டு, காரணம் எழுதிச் சொல்ல வேண்டும்.

ஏற்பதை இயந்திரத்திடம் விட்டால் எத்துணை நன்மை என்பதற்குத் தமிழகத்திலேயே சான்றுண்டு. 2024 ஜூலையில் தமிழக அரசு சுயச்சான்று முறையில் கட்டட அனுமதி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. 2,500 சதுர அடிக்குள் அடங்கும் மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுவோர் உரிய விவரங்களைத் தாமே உறுதியளித்து, இணையவழி உடனே அனுமதி பெறலாம். அலுவலகத்திற்கு நடையாய் நடந்தவர்க்கு இதன் அருமை தெரியும்.

மறுப்பதையும் குற்றஞ்சாட்டுவதையும் இயந்திரத்திடம் விட்டால் என்னாகும் என்பதற்கு ஆஸ்திரேலியா சான்று. அரசின் நலத்தொகை பெறுவோர் அளவுக்கு மேல் பெற்றனரா என்று முன்பு அலுவலர் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தனர். 2016 முதல் அதனைக் கணினி ஒழுங்கில் ஏற்றினர். வரித்துறையிடமிருந்து வந்த ஆண்டு வருமானத்தை 26 இருவாரங்களுக்குச் சமமாகப் பங்கிட்டது கணினி. அரையாண்டு உழைத்து அரையாண்டு வேலையின்றி நலத்தொகை பெற்ற ஏழை, ஆண்டு முழுதும் சம்பாதித்தவர்போல் கணக்கில் நின்றார். உடனே கடன் கடிதம் பறந்தது. கடன் இல்லை என்று மெய்ப்பிக்கும் சுமை அந்த ஏழையின் தலையில் ஏறியது. பல ஆண்டுக்கு முந்திய சம்பளச் சீட்டுகளைத் தேடி அலைந்தனர். நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இவ்வலையில் சிக்கினர். 2019-இல் இம்முறை சட்டத்திற்குப் புறம்பானது என்பது நீதிமன்றத்தில் முடிவாயிற்று. 2023-இல் விசாரணை ஆணையம் கடுமையான அறிக்கை அளித்தது. உயிர் மாய்த்துக்கொண்ட பிள்ளைகளின் தாய்மார் அவ்வாணையத்தின்முன் வந்து பேசினர். கணினி கூட்டலில் தவறவில்லை. முன்பு இடையில் அமர்ந்து, 'இவர் எந்த மாதம் வேலை செய்தார்?' என்று கேட்ட மனிதரை எடுத்துவிட்டனர், அவ்வளவே. நெதர்லாந்திலும் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் பல்லாயிரம் குடும்பங்கள் மோசடிக்காரர் எனப் பழிசுமந்தன; வெளிநாட்டு வேருடையோர் அவர்களுள் மிகுதி. 2021 ஜனவரியில் அந்நாட்டு அமைச்சரவையே பதவி விலகிற்று.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்பு விதிகளின் 22-ஆம் பிரிவு, தன்னைப் பெரிதும் பாதிக்கும் முடிவை இயந்திரம் மட்டுமே எடுப்பதை எதிர்க்கும் உரிமையைப் பொதுவாக ஒருவர்க்கு வழங்குகிறது. நம் நாட்டில் 2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அத்தகைய வெளிப்படையான உரிமை இல்லை. ஆகையால் கட்டம் அடுக்குபவரின் மனச்சான்றையே நாம் நம்பியிருக்கிறோம்.

இதற்கு ஒரு மறுப்பு எழும், அது வலியது. 'மனிதரைக் கண்டு அஞ்சித்தானே இயந்திரத்தை நாடினோம்? பெயரைப் பார்த்தே முகம் சுளிப்பவரும் மனிதர்தாமே? கை நீட்டுபவரும் அவர்தாமே?' என்று கேட்பர். உண்மை. வாடகைக்கு வீடு தேடிய நம்மவர்க்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நான் கேட்பது பழைய மேசையை அன்று. காரணம் எழுதாமல் மறுக்கும் பொத்தானை அழுத்த முடியாதவாறு அமைப்பதும் இம்மென்பொருளில் ஒரே கட்டம்தான். மறுத்தவர் பெயர், நேரம், காரணம் ஆகியவை அழியாமல் பதியும். ஏழு நாளில் மேல்முறையீட்டைப் பார்க்காவிடில் அடுத்த நிலையினர்க்குக் கோப்பு தானே ஏறும். முகம் சுளித்தவரின் பத்து மறுப்புகளையும் ஒரே பக்கத்தில் அடுக்கிப் பார்த்தால் அவர் உள்ளம் தெரிந்துவிடும். பழைய தன்பதிவேட்டில் அதைக் காணப் பல நாள் வேண்டும். மனிதரை நீக்குவதற்கன்று, மனிதரைப் பொறுப்புடையவராக்குவதற்கே இக்கருவி ஏற்றது.

நேரம் கூடுதலாகுமே என்பர் சிலர். ஆம், ஆகும். ஆயிரம் விண்ணப்பங்களுள் பெரும்பகுதி இயந்திரத்தாலேயே ஏற்கப்பட்டுவிட்டால், எஞ்சியவற்றைப் படிக்க ஒருவர்க்குப் பொழுது கிடைக்கும். அப்பொழுதையும் மிச்சம் பிடிக்க விரும்புவோர், உதவித்தொகை வழங்குவதையே விட்டுவிடலாம்.

கல்வி அறக்கட்டளைகளை நடத்தும் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். பிள்ளைகளுக்கு உதவ நீங்களும் இணையப் படிவங்களை அமைக்கிறீர்கள். அமைத்துத் தருபவரிடம், "பெயர் பொருந்தாவிடில் என்ன ஆகும்?" என்ற ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். "தானே தள்ளிவிடும்" என்று அவர் பெருமையுடன் சொன்னால், அந்தக் கட்டத்தை மாற்றி, நம்முள் ஒருவரின் பெயரை அங்கே இடச் சொல்லுங்கள்.

மாணவர்க்கு இன்னொன்று. இது கணினித்துறை மாணவரின் வேலை என்று ஒதுங்க வேண்டா. குறைநிரல் மென்பொருளில் நிரல் குறைவு, மொழி மிகுதி. எந்தச் சொல்லால் கேட்டால் மீனவர் மகனுக்கும் பீடி சுற்றும் தாயின் மகளுக்கும் விளங்கும், மறுப்பை எப்படி எழுதினால் அவர் மீண்டும் வருவார் என்பன தமிழ் படித்தோர் அறிய வேண்டியவை. எம் துறையில் படிப்புச் சான்று கோரும் படிவத்தை இவ்வாண்டு மாணவரைக் கொண்டே இம்முறையில் அமைக்க எண்ணியுள்ளோம். அதற்கான மறுப்புக் கடிதத்தை மூன்றாமாண்டு மாணவியர் எழுதித் தந்துள்ளனர்:

"உங்கள் பெயர் சேர்க்கைப் பதிவேட்டில் வேறு எழுத்தில் உள்ளது. அதனால் சான்றை இன்று தர இயலவில்லை. இதைப் பார்த்தவர் துறை அலுவலகத்தில் இருக்கும் கீழ்க்கண்டவர். நாளை காலை 11 மணிக்குள் சேர்க்கைச் சீட்டுடன் அவரை நேரில் காணுங்கள். வர இயலாவிடில் இவ்வெண்ணில் அழையுங்கள்."

கீழே பெயருக்கு ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். முதற்பருவத்திற்கு என் பெயரை இடச் சொல்லியிருக்கிறேன்.