நாற்பதில் ஒன்றும் நூற்றுக்கு இரண்டும்

ரமழான் பிறந்ததும் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிக் கடைவீதியில் பலர் கணக்குப் புத்தகத்தை விரிப்பார்கள். கையிருப்பு எவ்வளவு, சரக்கின் பெறுமதி என்ன, கொடுக்கவேண்டிய கடன் எது என்று பார்த்து, ஓராண்டு கைவசமிருந்த செல்வத்தில் நாற்பதில் ஒரு பங்கை ஸகாத்தாகப் பிரிப்பார்கள். மனமிரங்கிக் கொடுப்பது ஸதகா. ஸகாத் ஏழையின் உரிமை. சிறு கடைக்காரருக்கும் தெரிந்த இந்த வேறுபாடு, ஊருக்குள் கிளை திறந்து இலாபம் ஈட்டும் பெரிய கம்பனிகள் பலவற்றுக்கு இன்னும் பிடிபடவில்லை.

இலங்கையின் 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் சமூகச் செலவுக்கென எந்தப் பங்கையும் கட்டாயமாக்கவில்லை. அதனால் கொடுப்பது கம்பனியின் மனதைப் பொறுத்ததாகிவிட்டது. வெள்ளம் வந்தால் உலர் உணவுப் பொதி, பாடசாலை தொடங்கினால் அப்பியாசக் கொப்பி. 2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் வெள்ளத்தில் தவித்த மட்டக்களப்பு மாவட்டத்தில் அந்தப் பொதியின் அருமை எல்லோருக்கும் தெரியும். நீர் வடிந்த பிறகு யாரும் திரும்பி வருவதில்லை என்பதுதான் குறை.

இந்தியாவில் 2014 ஏப்ரல் முதல், 5 கோடி ரூபாய்க்குக் குறையாத நிகர இலாபம் காணும் கம்பனி தன் மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமையும் தரவேண்டும். அங்கும் பணம் மகாராஷ்டிரம் போன்ற தொழில்வளம் மிக்க மாநிலங்களுக்கே அதிகம் போகிறது. ஆகவே சட்டத்தோடு, எந்த ஊரில் ஈட்டிய இலாபம் என்ற கணக்கும் வேண்டும்.

இதைக் கேட்க ஓட்டமாவடிக்குத் தயக்கம் தேவையில்லை. கொவிட்டில் இறந்தவர்களை எரித்தே ஆகவேண்டும் என்ற விதி தளர்ந்து, 2021 மார்ச் 5இல் ஓட்டமாவடியின் மஜ்மா நகரில் முதல் ஜனாஸா அடக்கப்பட்டது. அடுத்த ஓராண்டில் நாடெங்கிலுமிருந்து வந்த 3,634 உடல்களை இந்த மண் ஏற்றது. அவற்றில் பௌத்தர்கள் 287 பேர், இந்துக்கள் 270 பேர், கிறிஸ்தவர்கள் 85 பேர். காணியை விட்டுக்கொடுத்தவர்களும் கூடநின்று உழைத்தவர்களும் சாதாரண மனிதர்கள்.

ஊரின் தேவைக்கு ஸகாத்தே போதாதா என்று கேட்கலாம். ஆனால் ஸகாத் பெறவேண்டிய எட்டுக் கூட்டத்தாரைக் குர்ஆனே வரையறுத்திருக்கிறது. வைத்தியசாலைக் கருவிக்கும் பாடசாலை ஆய்வுகூடத்துக்கும் அந்த நிதியைத் திருப்புவது எளிதல்ல. வாழைச்சேனை ஆதார வைத்தியசாலையில் ஓட்டமாவடி முஸ்லிமும் கல்குடாத் தமிழரும் ஒரே வரிசையில் காத்திருக்கிறார்கள். கம்பனிப் பணம் முதலில் வந்து சேரவேண்டியது அங்கேதான். என்ன வாங்குவது என்பதை வைத்தியர்களும் பிரதேச சபையும் பள்ளிவாசல், கோயில் நிர்வாகங்களும் கூடியிருந்து தீர்மானிக்கட்டும். செலவுக் கணக்கு பிரதேச சபை அறிவித்தல் பலகையில் ஒட்டப்படட்டும்.

சட்டத்தைத் திருத்தவேண்டியது பாராளுமன்றம். அதற்கு முன்பே ஊரவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை வங்கிக்குப் போகும்போது முகாமையாளரிடம் கேளுங்கள்: சென்ற ஆண்டு இந்தக் கிளையின் இலாபத்தில் இந்த ஊருக்கு எவ்வளவு செலவிட்டீர்கள்?