கோடுகளுக்கு இடையே உள்ள நிலம்

நாஸ்கா பாலைவனக் கோட்டோவியங்களைச் சூழ்ந்துள்ள பாதுகாப்புப் பகுதியை ஏறத்தாழ 5,600 சதுர கிலோமீட்டரிலிருந்து 3,200 ஆகக் குறைப்பதாக பெரு நாட்டின் கலாசார அமைச்சகம் 2025 மே மாத இறுதியில் அறிவித்தது. தொல்லியலாளர்களும் சூழலியலாளர்களும் கடுமையாக எதிர்க்கவே, ஜூன் மாதத் தொடக்கத்தில் அரசு பின்வாங்கியது. பழைய எல்லையே நீடிக்கிறது. பிரச்னை அத்துடன் தீர்ந்துவிட்டதாக நான் கருதவில்லை.

தொன்மைச் சின்னங்கள் உண்மையில் எங்கே இருக்கின்றனவோ, அந்த அளவுக்கு எல்லையைத் திருத்துகிறோம் என்பதே அமைச்சகத்தின் வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், அவை எங்கெங்கே இருக்கின்றன என்பது முழுமையாகத் தெரிந்துவிட்டதா? ஜப்பானின் யமகட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐபிஎம் நிறுவனத்துடன் இணைந்து, செயற்கை நுண்ணறிவின் துணையோடு 303 புதிய உருவங்களைக் கண்டறிந்ததாக 2024-இல் அறிவித்தனர். அதற்கான களஆய்வு நடந்தது ஆறே மாதங்கள். அதற்கு முன்பு, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுத் தேடலில் கிடைத்திருந்த உருவங்களோ 430 மட்டுமே. புதியவற்றில் பெரும்பாலானவை பத்து மீட்டருக்கு உள்பட்ட சிறிய உருவங்கள்: மனிதர்கள், வளர்ப்பு விலங்குகள். பழைய ஒற்றையடிப் பாதைகளின் ஓரமாக, நடந்து செல்வோர் கண்ணில் படும்படி அமைந்தவை. (வேற்றுக்கிரகவாசிகளுக்காக வரையப்பட்டவை என்று இன்னமும் நம்புவோர் இதைக் கவனிக்கலாம்.)

மேற்பரப்பின் கருமையான கற்களை அகற்றி, அடியிலுள்ள வெளிர்நிற மண்ணைத் தெரியச் செய்வதுதான் இந்த ஓவியங்களின் நுட்பம். மழை மிக அரிது என்பதால் இரண்டாயிரம் ஆண்டுகளாக அவை அழியவில்லை. அதே காரணத்தால், அங்கே பதியும் காலடியும் அழிவதில்லை. 2014-இல் ஹம்மிங் பறவை உருவத்தின் அருகே விளம்பரப் பதாகை விரித்த கிரீன்பீஸ் அமைப்பினர் விட்டுச் சென்ற தடங்கள் உலகெங்கும் கண்டனத்துக்கு உள்ளாயின. 2018-இல் சாலையை விட்டு விலகிய ஒரு லாரி மூன்று கோடுகளைச் சிதைத்தது.

தங்கத்தின் விலை ஏறும் காலத்தில், முறைசாராச் சுரங்கத்தார் இந்தப் பகுதியை விட்டுத் தாமாக விலகிவிடப் போவதில்லை. எனவே, எல்லை குறித்த கேள்வி வேறொரு பெயரில் மீண்டும் எழும். அப்போது, இதுவரை கண்டறியப்பட்டவற்றின் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு கோடு கிழிப்பதை அறிவியல் என்று ஏற்க முடியாது.

பான் அமெரிக்க நெடுஞ்சாலை போடப்பட்டபோது அங்கே ஒரு பல்லி உருவம் இருப்பதை எவரும் கவனிக்கவில்லை. இன்றும் வாகனங்கள் அதன் உடலை இரண்டாகப் பிளந்தபடிதான் செல்கின்றன.