குளிருக்கு ஒரு ஃபாரம்

வீட்டைச் சூடாக்குறதுக்கு அரசாங்கம் பணம் தரும்னு சொன்னா, நம்ம ஹாஸ்டல் மொட்டைமாடியில படுத்துத் தூங்குற மக்கள் அடிக்கவே வருவீங்க. ‘ரூமே தோசைக்கல்லு மாதிரிதான் இருக்கு, இதுல சூடாக்கணுமா?’ம்பீங்க. கொஞ்சம் பொறுங்க. உங்க பேட்ச்லயே நாலு பேராவது எம்.எஸ். படிக்க மிச்சிகன் கிளம்பத் தயாரா இருப்பாங்க. மெக்கானிக்கல் பசங்களுக்கு டெட்ராய்ட்னு சொன்னாலே கண்ணு மின்னும். ஆன் ஆர்பர், ஈஸ்ட் லான்சிங், ஹௌட்டன்னு அட்மிஷன் லெட்டரில் இருக்கிற ஊர்ப் பேரெல்லாம் ஸ்டைலாத்தான் இருக்கு. அங்கே ஜனவரி எப்படி இருக்கும் என்பது லெட்டரில் இருக்காது.

அதனால வழக்கம்போல இந்த வாரமும் ஒரு ஃபாரம். ஆனால் கடல் தாண்டின ஃபாரம். பெயர், எம்ஐ-1040சிஆர்-7. மிச்சிகன் மாநிலத்தின் ‘ஹோம் ஹீட்டிங் கிரெடிட்’ கேட்டு எழுதுகிற விண்ணப்பம்.

முதலில் குளிர். ஹௌட்டன் பக்கம் வருஷத்துக்குச் சராசரியா 200 அங்குலம் பனி கொட்டும். அதாவது, ஐந்து மீட்டர். 2019 ஜனவரி கடைசியில் துருவக் காற்று இறங்கி வந்தப்ப, டெட்ராய்ட்டுக்கு வடக்கே மக்கோம்ப் கவுண்டியில் ஒரு கேஸ் கம்ப்ரசர் ஸ்டேஷனில் தீ பிடிச்சுது. ராத்திரியில் ஜனங்களோட செல்போனுக்கு எச்சரிக்கை மெசேஜ் வந்தது. ‘தெர்மோஸ்டாட்டை 65 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையுங்கள்’ என்று. நம்ம கணக்கில் 18 டிகிரி செல்சியஸ். கார் ஃபேக்டரிகளே வேலையை நிறுத்தி கேஸை மிச்சம் பிடித்தன. அங்கே ஹீட்டர் என்பது நம்ம வீட்டு ஏ.சி. மாதிரி சொகுசு கிடையாது. குழாயில் தண்ணி வருவது மாதிரி, இல்லாட்டி இருக்க முடியாது.

இருக்க முடியாதுன்னா நிஜமாவே முடியாது. 2009 ஜனவரியில் அதே மாநிலத்தின் பே சிட்டியில் ஒரு சம்பவம். 93 வயசுப் பெரியவர், தனியா இருந்தவர். கரன்ட் பில் பாக்கி ஆயிரம் டாலருக்கு மேல். ஊருக்குச் சொந்தமான மின் நிறுவனம் ஒரேயடியாகக் கட் பண்ணவில்லை. மீட்டரில் ‘லிமிட்டர்’ ஒன்றை மாட்டிவிட்டுப் போனது. ட்ரிப்பிள் ஈ மக்களுக்கு இது சட்டுனு புரியும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் கரன்ட் இழுத்தா ட்ரிப் ஆயிடும், யாராவது வெளியே போய் ரீசெட் பண்ணணும். வெளியே உறைபனி, உள்ளே 93 வயசு. சில நாள் கழித்து வீட்டுக்குள்ளேயே உறைந்து இறந்து கிடந்தார். இதில் மனசைப் பிசையுற விஷயம் என்னன்னா, அவர் ஒண்ணும் ஏழை இல்லை. சமையலறை மேசையில் பில்லோடு சேர்த்துப் பணமும் செருகி வெச்சிருந்தார்னு பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். பணம் இருந்தது, பில் இருந்தது. இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுக்க ஆள்தான் இல்லை. இந்த ஃபாரம் அவருக்கானது இல்லை. ஆனால் ஃபாரத்தைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு அந்த மேசை ஞாபகம்தான் வந்தது.

சரி, மேட்டருக்கு வருவோம். டாக்ஸ் கிரெடிட்னா என்ன? டிடக்‌ஷன் நமக்குத் தெரியும். அப்பா எல்.ஐ.சி. ரசீதைத் தேடி பீரோவைக் குடைவாரே, அது. வருமானத்தில் கொஞ்சத்தைக் கணக்கிலிருந்து கழிப்பது. கிரெடிட் அப்படியில்லை. வரியிலேயே நேராகக் கழியும். அதிலும் இந்த ரகத்தில், நீங்க கட்டவேண்டிய வரி பூஜ்யமா இருந்தாலும் பணம் உங்க பக்கம் வரும். பேரில்தான் வரி. உள்ளே இருக்கிற காசு ‘லைஹீப்’ என்ற மத்திய அரசுத் திட்டத்திலிருந்து வருகிறது. ஏழைக் குடும்பங்களின் எரிபொருள் செலவுக்காக 1981-ல் அமெரிக்க காங்கிரஸ் கொண்டுவந்த திட்டம். அந்தக் காசின் ஒரு பகுதியை மிச்சிகன் வரி ஃபாரம் வழியாகக் கொடுக்கிறது.

பிரச்னையே இங்கதான் ஆரம்பிக்குது. வருமானம் குறைவு என்பதால் வரி ரிட்டர்னே போடத் தேவையில்லாதவர்களுக்குத்தான் இந்தக் காசு. அவங்க எதுக்கு வரி ஆபீஸ் ஃபாரத்தைத் திரும்பிப் பார்க்கப் போறாங்க? ‘நமக்கு எதுக்குப்பா அதெல்லாம்’னு ஒதுக்கிடுவாங்க. ஆனால் வரி ரிட்டர்ன் போடாமல், இந்த ஒரு ஃபாரத்தை மட்டும் தனியாக அனுப்பலாம். அனுப்பினால்தான் காசு. தானாக யாரும் கணக்குப் போட்டு வீட்டுக் கதவைத் தட்ட மாட்டாங்க.

இப்போ கணக்கு. நம்ம ஏரியா!

இரண்டு வழி இருக்கு. முதல் வழி, ‘ஸ்டாண்டர்ட்’. வீட்டில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து ஒரு தொகை நிர்ணயித்திருக்கிறார்கள், வருஷா வருஷம் மாறும். அதிலிருந்து குடும்ப வருமானத்தில் 3.5 சதவிகிதத்தைக் கழிக்கணும். தனியா இருக்கிற ஒரு பாட்டிக்கு அந்தத் தொகை 500 டாலர்னு சும்மா வெச்சுக்குங்க. வருஷ வருமானம் 9,000 டாலர். அதில் 3.5 சதவிகிதம் 315. மிச்சம் 185 டாலர். ஹீட்டிங் செலவு வாடகையிலேயே அடக்கம் என்றால் அதிலும் பாதிதான்.

இரண்டாவது, ‘ஆல்டர்நேட்’. இதில் நிஜமா ஆன ஹீட்டிங் செலவை எடுத்துக்கணும் (அதுக்கும் ஒரு உச்சவரம்பு உண்டு). வருமானத்தில் 11 சதவிகிதத்தைக் கழிக்கணும். மிச்சத்தில் 70 சதவிகிதம். அதே பாட்டிக்கு ஹீட்டிங் செலவு 1,600 டாலர் என்றால், 1,600-லிருந்து 990 போக 610. அதில் 70 சதவிகிதம், 427 டாலர். பார்த்தீங்களா? ஒரே பாட்டி, ஒரே வீடு, ஒரே குளிர். 185 எங்கே, 427 எங்கே? எது அதிகமோ அதைக் கேட்கலாம் என்று ஃபாரத்திலேயே இருக்கு. ஆனால் ரெண்டு கணக்கையும் போட்டுப் பார்க்கணுமே! முதல் கணக்கோட ‘போதும்டா சாமி’னு கையெழுத்துப் போட்டா 242 டாலர் அம்பேல். (வருஷம் முழுக்க அந்த வீட்டில் இல்லாதவர்களுக்கும், வாடகையில் ஹீட்டிங் சேர்ந்தவர்களுக்கும் இந்த இரண்டாவது வழி கிடையாது.) மத்திய அரசிடமிருந்து அந்த வருஷம் வருகிற பணம் போதாவிட்டால், வந்த விடையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடம் இருக்கு.

செலவு என்றால் எந்த மாசத்திலிருந்து எந்த மாசம் வரை? ஜனவரி டு டிசம்பர்னு நினைச்சா தப்பு. முந்தின வருஷம் நவம்பர் 1-லிருந்து இந்த வருஷம் அக்டோபர் 31 வரை. யோசிச்சுப் பார்த்தா இது சரியாத்தான் இருக்கு. குளிர்காலம் காலண்டர் பார்த்து டிசம்பர் 31-ல முடியறதில்லையே. இந்த ஒரு விஷயத்துக்காக ஃபாரம் எழுதினவருக்கு ஒரு கைகுலுக்கல். எவ்வளவு ஆச்சுன்னு கேஸ் அல்லது கரன்ட் கம்பெனியைக் கேட்டால் சொல்லிடுவாங்க.

கைகுலுக்கலைத் திரும்ப வாங்கிக்க வைக்கிற இடமும் இருக்கு. வருமானம்னு கேட்கிற கட்டத்தில் சம்பளம் மட்டும் இல்லை. வரி கிடையாத பென்ஷன், பிள்ளைகளுக்காக வருகிற ஜீவனாம்சம் எல்லாம் சேரும். யாராவது கையில் கொடுத்த பணமோ, உங்களுக்காகக் கட்டின பில்லோ 300 டாலரைத் தாண்டினால் அதுவும் வருமானம்! பாட்டியின் மகன் மூணு மாச வாடகையைக் கட்டினால், பாட்டியின் ‘வருமானம்’ ஏறி கிரெடிட் இறங்கும். பாசத்துக்கும் ஒரு வெட்டு. இது எனக்குச் சுத்தமாப் பிடிக்கலை.

கணக்கெல்லாம் சரின்னா, வருவது பெரும்பாலும் ரொக்கம் இல்லை. ‘எனர்ஜி டிராஃப்ட்’. எக்ஸாம் ஃபீஸ் கட்ட நாம பேங்க்கில் எடுத்த டி.டி. மாதிரியே. ஹீட்டிங் கம்பெனியிடம் மட்டும்தான் செல்லும். பில்லை விடத் தொகை அதிகமா இருந்தா மிச்சத்தைத் திருப்பிக் கேட்க வழி உண்டு. வாடகையிலேயே ஹீட்டிங் அடக்கம் என்பவர்களுக்குச் செக்.

‘ஆஹா, போனதும் நானும் ஒண்ணு போட்டுடறேன்’னு கணக்குப் போடுறவங்களுக்கு... ஸாரி பாஸ். வருஷம் முழுக்க யுனிவர்சிட்டி நடத்துகிற விடுதியில் இருந்தால் கிடையாது. வேற யாரோட வரி ரிட்டர்னிலாவது ‘டிபென்டன்ட்’ ஆக இருக்கிற முழுநேர மாணவருக்கும் கிடையாது. வெளியே வீடு எடுத்தால்? காசு மத்திய அரசுக் காசு. 1996-ல் போட்ட சட்டப்படி இந்த மாதிரி உதவிகள் குடிமக்களுக்கும், கிரீன் கார்டுக்காரர்கள், அகதிகள் போன்ற சில வகையினருக்கும் மட்டும்தான். ஸ்டூடன்ட் விசா அந்த லிஸ்ட்டில் இல்லை. ‘நாலு பேர் ஷேர் பண்ணி இருக்கோம், நானும் பேரைப் போட்டுக்கறேன்’னு விளையாடாதீங்க. வரி ஃபாரத்தில் பொய் சொல்லி விசாவுக்கு வேட்டு வெச்சுக்கிறது 185 டாலருக்குத் தாங்காது.

அப்புறம் எதுக்குடா இவ்வளவு நேரம் சொன்னேன்னு கேட்கிறீங்க, கேட்கணும். நீங்க அங்கே குடியிருக்கப் போகிற மலிவு வாடகை ஏரியாவில், மாடியிலேயோ பக்கத்து வீட்டிலேயோ அந்தப் பாட்டி இருப்பாங்க. அவங்களுக்கு இந்த 3.5 சதவிகிதம், 11 சதவிகிதம் எல்லாம் தலை சுத்தும். உங்களுக்கு? எம்-3 பேப்பரை அரியர் வெச்சாவது க்ளியர் பண்ண ஆளு நீங்க!

தனியா உட்கார்ந்து ஃபாரம் நிரப்பித் தரணும்னுகூட இல்லை. ‘வீட்டா’ன்னு ஒரு ஏற்பாடு இருக்கு. அமெரிக்க வருமானவரித் துறை பல வருஷமா நடத்துவது. தன்னார்வலர்களுக்குப் பயிற்சியும் டெஸ்ட்டும் வெச்சு, பாஸானவங்களை உட்கார வைத்து, குறைந்த வருமானக்காரர்களுக்கு இலவசமாக ஃபாரம் நிரப்பிக் கொடுப்பாங்க. காலேஜ் பசங்க நிறையப் பேர் போவாங்க. பக்கத்தில் எங்கே இருக்குன்னு தெரியலைன்னா 211-க்கு போன் பண்ணினால் சொல்வாங்க. அந்த பாட்டிக்கிட்ட நீங்க சொல்லவேண்டியது அதிகபட்சம் ரெண்டு வரி. வரி கட்டாட்டியும் இந்த ஃபாரம் போடலாம் என்பது ஒண்ணு. கேஸ் பில்லைத் தூக்கிப் போட்டுடாதீங்க என்பது இன்னொண்ணு.

இந்தத் திட்டம் இப்படியே என்றைக்கும் இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். 2025 ஏப்ரலில் ஆட்குறைப்பு நடந்தப்ப, வாஷிங்டனில் லைஹீப்பைக் கவனித்துக்கொண்டிருந்த அலுவலர்கள் மொத்தப் பேரையும் வேலையிலிருந்து தூக்கினார்கள். திட்டத்தையே நிறுத்திடலாம் என்கிற பேச்சும் அந்த வருஷ பட்ஜெட் யோசனையில் இருந்தது. கேட்க வேண்டியவர்கள் கேட்காமல் விட்டால், ‘யாருக்கும் தேவைப்படலையே’ன்னு சொல்வது இன்னும் சுலபம்.

கடைசியா தேதி. அமெரிக்காவில் வரி என்றாலே ஏப்ரல் 15-தான் எல்லாருக்கும் ஞாபகம். அதைத் தவறவிட்டவங்க ‘போச்சு’ன்னு உட்கார்ந்துடுவாங்க. போகலை. இந்த ஃபாரத்துக்குச் செப்டம்பர் 30 வரை டைம் இருக்கு. கஷ்டம் என்னன்னா, செப்டம்பரில் மிச்சிகன் அருமையா இருக்கும். வெயில் இதமா இருக்கும், மரமெல்லாம் அப்பத்தான் நிறம் மாற ஆரம்பிக்கும், பல வீட்டில் ஹீட்டரையே இன்னும் தொட்டிருக்க மாட்டாங்க. உங்களுக்குக் காலேஜ் ஆரம்பித்து முதல் மாசம். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி ‘ஹலோ’ சொல்ல அதுதான் நேரம்.