மண்டையோடு வெளுக்க ஆட்டுத்தலை போதும் மக்கா!

சிறுமலையில காட்டுமாட்டு மண்டையோடு கெடந்தா, தூக்கிட்டு வந்து வெளுத்து ஹால்ல மாட்டணும்னு நம்மாளுக சில பேருக்கு ஆசை. கேட்டா, "நானா சுட்டேன்? தானா செத்ததுதானே"ங்கிறாங்க. என்ன கூத்துங்க இது? 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 39-ஆம் பிரிவுப்படி, செத்துக் கிடக்கிற காட்டு விலங்கும் அரசுச் சொத்து. காட்டுமாடு முதல் அட்டவணையில இருக்கு. மாட்டினா 3 வருஷத்துக்குக் குறையாத சிறை. தாத்தா சுட்டுக் கொண்டாந்த கொம்பா இருந்தாலும் உரிமைச் சான்றிதழ் வேணும் சாமி.

வெளுக்கிற லட்சணமாவது உருப்படியா இருக்கா? பிளீச்சிங் பவுடரைக் கொட்டிக் கொதிக்க விடுறாங்க. கொதிச்சா கொழுப்பு எலும்புக்குள்ள ஏறி மஞ்சளாயிடும்; குளோரின் எலும்பையே அரிச்சு மாவாக்கிடும்.

தொழில் கத்துக்கத்தான் ஆசைன்னா, திண்டுக்கல்லுல கறிக்கடைக்கா பஞ்சம்? ஆட்டுத்தலை வாங்கி, சதையை வழிச்சு, தண்ணியில சில வாரம் ஊறப்போடுங்க. நாறும், மொட்டை மாடியில வைங்க. பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணியில கொழுப்பு எடுங்க. கையுறை போட்டுக்கிட்டு, மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடுல ஒரு நாள் போடுங்க. பளிச்!

காட்டுல கெடக்கிற எலும்பு வீணாப் போகுதேன்னு கவலைப்படாதீங்க. சுண்ணாம்புச் சத்துக்காக முள்ளம்பன்றி அதைக் கொறிச்சுத் தின்னும். அதுக்குச் சாப்பாடு, உங்களுக்குச் சுவத்து அலங்காரம். யாருக்குங்க அது வேணும்?