‘பிளாக்’ பண்ண அதிகாரிக்கு ஏது உரிமை?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் போர்ட் ஹ்யூரான் என்று ஓர் ஊர். 2014-ல் அந்த ஊருக்கு சிட்டி மேனேஜராக வந்தவர் ஜேம்ஸ் ஃப்ரீட். நம்மூர் நகராட்சி ஆணையர் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். மனிதர் கல்லூரி நாட்களிலேயே ஃபேஸ்புக்கில் கணக்கு தொடங்கியவர். நண்பர்கள் எண்ணிக்கை 5000 என்ற வரம்பை நெருங்கியதும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம், பின்னூட்டம் போடலாம் என்கிற பொதுப் பக்கமாக அதை மாற்றினார். பதவி வந்ததும் அதே பக்கத்தில் பதவியின் பெயர் ஏறியது, நகராட்சியின் இணைய முகவரி ஏறியது, நகராட்சியின் பொது மின்னஞ்சலும் ஏறியது. மகள் படம், பைபிள் வசனம், இடையிடையே தெருவில் குவியும் இலைகளை அள்ளும் ஏற்பாடு, ஆற்றிலிருந்து தண்ணீர் எடுக்கும் வேலை, ஊராரிடம் கருத்துக் கேட்பு... எல்லாம் ஒரே பக்கத்தில்.

2020-ல் கொரோனா வந்தது. ஊர்க்காரர் ஒருவர் அந்தப் பக்கத்துக்கு வந்து, நகராட்சி கொரோனாவைக் கையாளும் விதம் படுமோசம் என்று எழுதினார். ஃப்ரீட் மேயரோடு உணவகத்தில் பார்சல் வாங்கிய படத்தைப் போட்டபோது, ஜனங்களிடம் வந்து பேசாமல் விலை கூடிய ஓட்டல் சாப்பாடு கேட்கிறதா என்கிற மாதிரி ஒரு பின்னூட்டம். முதலில் பின்னூட்டங்கள் அழிக்கப்பட்டன. பிறகு ஆளே பிளாக் செய்யப்பட்டார். விவகாரம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது.

இப்படிச் செய்யலாமா? கூடாது. ஒரு கணக்கைப் பதவி வேலைக்குப் பயன்படுத்துகிற வரைக்கும், விமர்சித்தான் என்ற காரணத்துக்காக ஒரு குடிமகனை அதிலிருந்து வெளியே தள்ள எந்த அதிகாரிக்கும் உரிமை இல்லை. ‘அது அவருடைய சொந்தக் கணக்கு, அவர் வீட்டுத் திண்ணை, யாரை உட்கார வைப்பது என்பது அவர் இஷ்டம்’ என்று வக்காலத்து வாங்குகிறவர்கள் நிறைய. திண்ணை சொந்தம்தான். ஆனால் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து பட்டா கொடுக்க ஆரம்பித்தால் அது தாலுகா ஆபீஸ். பட்டா கேட்டு வருகிறவனை ‘உன் மூஞ்சி பிடிக்கவில்லை, போ’ என்று அங்கே சொல்ல முடியாது.

இந்தத் ‘திண்ணை’ வாதத்தை உலகத்துக்கே வேடிக்கை காட்டியவர் டொனால்டு டிரம்ப். அவருடைய ட்விட்டர் கணக்கு 2009-ல் தொடங்கியது, அதிபர் ஆவதற்கு எட்டு வருடம் முன்பே. ஆனால் ஆனபிறகு என்ன நடந்தது? ராணுவத்தில் திருநர்கள் பணியாற்றக் கூடாது என்ற அறிவிப்பு 2017 ஜூலையில் அந்தக் கணக்கில் வந்தது. வெளியுறவு அமைச்சர் ரெக்ஸ் டில்லர்சன் நீக்கப்பட்ட செய்தி 2018 மார்ச்சில் அதே கணக்கில் வந்தது. அதிபரின் ட்வீட்டுகள் அதிகாரபூர்வமான அறிக்கைகள் என்று வெள்ளை மாளிகைச் செய்தித் தொடர்பாளர் ஷான் ஸ்பைசரே 2017-ல் சொன்னார். அவை பாதுகாக்கப்பட வேண்டிய அதிபர் ஆவணங்கள் என்பது தேசிய ஆவணக் காப்பகத்தின் நிலை.

இத்தனைக்கும் பிறகு, பிளாக் செய்யப்பட்ட ஏழு பேரும் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் நைட் இன்ஸ்டிட்யூட்டும் 2017 ஜூலையில் வழக்குப் போட்டால், பதில் என்ன தெரியுமா? அவர் பிளாக் செய்தது தனிமனிதராகத்தானாம்! அதைக் கோர்ட்டில் எழுந்து நின்று சொன்னவர்கள் யார்? நீதித்துறையின் வக்கீல்கள். மக்கள் வரிப்பணத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள். சொந்த விஷயத்துக்கு எதற்கு ஐயா அரசாங்க வக்கீல்? :-)

2018 மே மாதம் நியூயார்க்கில் நீதிபதி நவோமி ரைஸ் புக்வால்ட் தீர்ப்பு சொன்னார். அதிபரின் ட்வீட்டுக்குக் கீழே ஜனங்கள் பதில் எழுதுகிற அந்த இடம் அரசு திறந்துவிட்ட பொது இடம், அங்கிருந்து கருத்துக்காக ஒருவரை வெளியேற்றுவது பேச்சுரிமையைக் காக்கும் முதலாவது சட்டத் திருத்தத்துக்கு விரோதம் என்றார். 2019 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளும் ஒருமனதாக அதையே உறுதி செய்தார்கள்.

பிறகு நடந்ததுதான் கூத்து. 2021 ஜனவரியில் ட்விட்டர் நிறுவனமே டிரம்பைத் தூக்கி வெளியே போட்டது. பதவியும் முடிந்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், இனி வழக்கில் தீர்க்க எதுவும் இல்லை என்று கீழ்த்தீர்ப்பை ரத்து செய்து கோப்பை மூடியது. அப்போது நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் தனியாக எழுதிய குறிப்பை இன்றைக்கும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஒரு தனியார் கம்பெனி நினைத்தால் அதிபரின் கணக்கையே மூடிவிட முடியும் என்றால், அதை அரசின் பொது இடம் என்று எப்படிச் சொல்வது என்பது அவர் கேள்வி.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கிராம சபைக் கூட்டத்தை வாடகைக்கு எடுத்த கல்யாண மண்டபத்தில் நடத்தினால்? மண்டபக்காரர் ‘இடத்தைக் காலி பண்ணுங்கள்’ என்றால் எல்லாரும் கிளம்ப வேண்டியதுதான். அதனால், கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது கேள்வி கேட்டவனை மட்டும் கழுத்தைப் பிடித்துத் தள்ள தலைவருக்கு உரிமை வந்துவிடுமா? மண்டபக்காரரின் அதிகாரம் வேறு, தலைவரின் அதிகாரம் வேறு. (தாமஸும் அரசு வாடகைக்கு எடுக்கும் அரங்கம் வேறு கணக்கு என்பதை ஒத்துக்கொண்டுதான் பேசுகிறார். அவரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் அந்த வரியை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.)

இது டிரம்ப் எதிர்ப்புக் கதை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எதிர் முகாமின் நட்சத்திரம் அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ கோர்டெஸும் நியூயார்க் மாநிலச் சட்டமன்ற முன்னாள் உறுப்பினர் டவ் ஹைகிண்டைப் பிளாக் செய்தார். அவரும் வழக்குப் போட்டார். 2019 நவம்பரில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு முடித்தார் அம்மணி. இந்த வியாதிக்குக் கட்சி பேதம் கிடையாது.

வர்ஜீனியாவின் லவுடன் கவுன்ட்டியில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். கவுன்ட்டி வாரியத் தலைவர் ஃபிலிஸ் ராண்டால் பாராட்டோ திட்டோ எதுவானாலும் வந்து சொல்லுங்கள் என்று ஜனங்களைத் தன் ஃபேஸ்புக் பக்கத்துக்கு வரவேற்றவர். 2016-ல் ஒருவர் வந்து சொன்னார்: பள்ளி வாரியத்தில் ஊழல் என்று. அம்மா தன் பதிவையே அழித்துவிட்டு அந்த ஆளையும் பிளாக் செய்தார். மறுநாள் காலையில் மனம் மாறி விலக்கிக்கொண்டார். மொத்தம் சுமார் 12 மணி நேரம். ‘ஒரு ராத்திரிதானே, இதுக்கா கேஸு?’ என்று தோன்றும். கோர்ட்டுக்கு அப்படித் தோன்றவில்லை. 12 மணி நேரமானாலும் உரிமைப் பறிப்பு பறிப்புதான் என்றது. 2019 ஜனவரியில் மேல்முறையீட்டிலும் அது நின்றது.

சரி, பிளாக் பண்ணினால் அந்த ஆளுக்கு என்ன குடி முழுகிவிட்டது? வேறு இடத்தில் எழுத வேண்டியதுதானே?

முதல் நஷ்டம் அவனுக்கு. ஃப்ரீடின் ஃபேஸ்புக் பக்கத்தில் பிளாக் ஆனவரால் பதிவுகளைப் படிக்க முடிந்தது, பின்னூட்டம்தான் போட முடியவில்லை. இலை அள்ளும் அறிவிப்பைப் படிக்கலாம், அதன் கீழே கேள்வி கேட்க முடியாது. எக்ஸ் ஆகிவிட்ட ட்விட்டரில் 2024 நவம்பரிலிருந்து பிளாக் ஆனவர்களும் பொதுப் பதிவுகளைப் படிக்கலாம், பதில் மட்டும் எழுத முடியாது. அதாவது கேட்டுக்கொள், வாயைத் திறக்காதே.

ஆனால் பெரிய நஷ்டம் மற்றவர்களுக்கு. அதைத்தான் யாரும் பேசுவதில்லை. கேள்வி கேட்கிறவர்களை ஒவ்வொருவராக வெளியேற்றிவிட்டால் அந்தப் பக்கத்தில் மிஞ்சுவது ஜால்ரா மட்டும். ‘அருமை சார்’, ‘சூப்பர் மேடம்’, நூறு கைகூப்பல். புதிதாக வந்து பார்க்கிற ஊர்க்காரன், ஊரே இவரைக் கொண்டாடுகிறது போல, தனக்கு மட்டும்தான் குழாயில் தண்ணீர் வரவில்லை போல என்று நினைத்துக்கொண்டு போவான். பத்திரிகையைத் தணிக்கை செய்தால் அந்தக் காலத்தில் வெற்றிடமாவது விட்டு அச்சடித்தார்கள். இங்கே வெட்டின இடமே தெரியாது.

‘அப்போது ஆபாசமாகத் திட்டுகிறவனையும் அதிகாரி சகித்துக்கொள்ள வேண்டுமா? அதுவும் பெண்கள் படுகிற பாடு தெரியுமா?’ இது ஒன்றுதான் எதிர்த்தரப்பில் கனமுள்ள கேள்வி. பெண் அதிகாரிகளுக்கும் அரசியல்வாதிகளுக்கும் வருகிற அசிங்கத்தைப் படித்தவர்கள் யாரும் அதைச் சும்மா தள்ளிவிட முடியாது. மிரட்டல் என்றால் அது குற்றம், போலீஸுக்குப் போக வேண்டியது. அசிங்கம் என்றால், இன்ன வார்த்தைகள் கூடாது என்று முன்கூட்டியே விதி எழுதி, புகழ்கிறவன் எழுதினாலும் இகழ்கிறவன் எழுதினாலும் ஒரே மாதிரி நீக்கலாம். தாங்கவே முடியவில்லை என்றால் பின்னூட்டப் பெட்டியை எல்லாருக்குமாக மூடிவிடலாம். இன்னொரு வழியும் உண்டு: மியூட். புக்வால்டே தன் தீர்ப்பில் சுட்டிக்காட்டிய வித்தியாசம் இது. மியூட் செய்தால் அதிகாரியின் காதுக்கு மட்டும் விழாது, அந்த ஆள் எழுதுவதை ஊர் படிக்கலாம். காதைப் பொத்திக்கொள்ள அதிகாரிக்கும் உரிமை உண்டு. அடுத்தவன் வாயைப் பொத்தத்தான் இல்லை.

கலிஃபோர்னியாவின் பவே பள்ளி மாவட்டத்தில் நடந்த வழக்கு இதற்குச் சரியான சோதனை. இரண்டு வாரிய உறுப்பினர்களின் பக்கங்களில் ஒரு பெற்றோர் தம்பதி, மாவட்டத்தில் நிறவெறிச் சம்பவங்களைப் பற்றியும் கண்காணிப்பாளர் மேல் இருந்த பணப் புகாரைப் பற்றியும் விடாமல் எழுதினார்கள். ஒருமுறை சுமார் பத்து நிமிடத்தில் ஒரே வாசகத்தை 226 ட்வீட்டுகளுக்குக் கீழே ஒட்டிவிட்டார்கள். தொல்லைதான், மறுக்க முடியாது. அதற்கு மருந்து ‘ஒரே பின்னூட்டத்தைத் திரும்பத் திரும்பப் போடக் கூடாது’ என்று எல்லாருக்கும் பொதுவாக ஒரு விதி. 2017-ல் அந்த உறுப்பினர்கள் செய்தது ஆளையே வெளியேற்றுவது.

இந்த வழக்கும் ஃப்ரீட் வழக்கும் சேர்ந்தேதான் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. 2024 மார்ச் 15-ல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, ஏமி கோனி பாரெட் எழுதிய தீர்ப்பு வந்தது. அதிகாரி சமூக வலைத்தளத்தில் செய்ததை அரசின் செயலாகக் கொள்ள இரண்டு விஷயங்கள் வேண்டுமாம். ஒன்று, அந்த விஷயத்தில் அரசின் சார்பாகப் பேச அவருக்கு உண்மையிலேயே அதிகாரம் தரப்பட்டிருக்க வேண்டும். இரண்டு, அந்தப் பதிவில் அவர் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்துவதாகக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

இரண்டாவதில் தகராறு இல்லை. அதிகாரியும் மனிதர்தான், அவருக்கும் பேச்சுரிமை உண்டு. பள்ளி வாரியத் தலைவர் கூட்டத்தில் அறிவிப்பதும், வீட்டுக் கொல்லையில் நண்பர்களோடு விருந்து சாப்பிட்டுக்கொண்டு அதையே சொல்வதும் ஒன்றல்ல என்று பாரெட் சொல்வது சரி. ‘இவை என் சொந்தக் கருத்துகள்’ என்று எழுதி வைத்துத் தனிக் கணக்கு வைத்துக்கொள்ளட்டும், அங்கே யாரை வேண்டுமானாலும் விரட்டட்டும். பதிவு பதிவாகப் பின்னூட்டத்தை நீக்குவதற்கும் மொத்தப் பக்கத்திலிருந்து பிளாக் செய்வதற்கும் வித்தியாசம் உண்டு, கலந்துகட்டி எழுதுகிற அதிகாரி பிளாக் செய்தால் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம் என்று எச்சரித்ததும் நல்லதுதான்.

வில்லங்கம் முதல் நிபந்தனையில். ஒருவருக்கு என்ன அதிகாரம் என்பதைச் சட்டத்திலோ, நகராட்சி விதியிலோ, நீண்டநாள் வழக்கத்திலோ தேட வேண்டும். தேட வேண்டியது யார்? பிளாக் ஆன குடிமகன்! பக்கத்தில் பதவிப் பெயர் இருக்கிறது, நகராட்சி முகவரி இருக்கிறது, அறிவிப்புகள் வருகின்றன. இதைப் பார்த்து நகராட்சியின் பக்கம் என்று நம்பி ஒருவன் கேள்வி கேட்கிறான். அவனிடம் போய் ‘ஃபேஸ்புக்கில் எழுத இவருக்கு அதிகாரம் கொடுத்த காகிதம் எங்கே, காட்டு’ என்றால்? பக்கம் எப்படித் தோன்றுகிறது, என்ன வேலைக்குப் பயன்படுகிறது என்று பார்த்துத்தான் கலிஃபோர்னியா வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022-ல் பெற்றோர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த அளவுகோல் சாமானியனுக்குப் புரிகிற அளவுகோல். உச்ச நீதிமன்றம் அது போதாது என்று ஒதுக்கிவிட்டது. மகள் படத்துக்குப் பக்கத்திலேயே நகராட்சி அறிவிப்பைப் போடுகிற அதிகாரிக்கு இந்தக் குழப்பம் வசதி. பாராட்டு வந்தால் பதவிக்கு, கேள்வி வந்தால் ‘இது என் சொந்தப் பக்கம்’.

இரண்டு வழக்குகளையும் புதிய நிபந்தனைகளின்படி மறுபடி பாருங்கள் என்று கீழே அனுப்பினார்கள். அந்தப் பெற்றோர் பிளாக் செய்யப்பட்டது 2017-ல். அந்த வருடம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஒரு குழந்தை, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த அன்றைக்கு ஏழாம் வகுப்பில் இருந்திருக்கும். போர்ட் ஹ்யூரான்காரர் கேட்டது கொரோனாவைப் பற்றி. தீர்ப்பு வருவதற்குள் கொரோனாவே போய்விட்டது.