தெள்ளின் தலையில் போட்ட பழி

முப்பது ஆண்டுகளாகப் பிறர் எழுதிய செய்திகளைத் திருத்திக்கொண்டிருப்பவனுக்குச் சில சொற்றொடர்களைக் கண்டதுமே ஐயம் எழும். ‘உயிரியல் கட்டுப்பாடு’ அவற்றுள் ஒன்று. யாரோ நிதானமாகக் கடிவாளத்தைப் பிடித்திருப்பது போன்ற ஒரு தோற்றத்தை அது தருகிறது. ஐரோப்பாவின் காட்டு முயல்களுக்கு நேர்ந்ததை வாசித்தவர்கள், அப்படியொரு கடிவாளம் எவர் கையிலும் இருக்கவில்லை என்பதை அறிவர்.

மிக்ஸோமடோசிஸ் என்பது முயல்களைத் தாக்கும் ஒரு வைரசு நோய். தென்னமெரிக்க முயலினத்தில் சிறு கட்டியாக வந்து போகும் அது, ஐரோப்பிய முயலில் கண்ணிமைகளை வீங்கச் செய்து, தலையை உருக்குலைத்து, பெரும்பாலும் இரு வாரங்களுக்குள் கொன்றுவிடுகிறது. பிரித்தானியாவில் இதனைப் பரப்புவது முயல் தெள்ளு என்று பாடநூல்கள் கூறும். அது பொய்யன்று. நோயுற்ற முயலின் தோலைக் குத்தும் தெள்ளின் வாயுறுப்பில் வைரசு ஒட்டிக்கொள்கிறது. தெள்ளின் உடலில் அது பெருகுவதில்லை. ஊசிமுனை அழுக்கைப்போல அடுத்த முயலைச் சென்றடைகிறது. முயல் இறந்து உடல் குளிர்ந்ததும் தெள்ளுகள் வேறு முயலைத் தேடும். நமது நாட்டு முயல் வளை தோண்டுவதில்லை. ஐரோப்பிய முயலோ வளைகளில் கூட்டமாக வாழ்வது. ஆகவே தெள்ளு நெடுந்தூரம் தேடவேண்டியதில்லை.

இத்தெள்ளைப் பற்றி மிரியம் ரொத்ஸ்சைல்ட் என்ற பிரித்தானிய அறிஞர் 1960களில் கண்டறிந்தது வியப்புக்குரியது. கருவுற்ற பெண்முயலின் குருதியிலுள்ள ஹோர்மோன்களை உறிஞ்சிய பின்னரே பெண் தெள்ளின் முட்டைகள் முதிர்கின்றன. குட்டிகள் பிறந்ததும் தெள்ளுகள் தாயை விட்டு அவற்றின் மீது ஏறி, அங்கேயே கூடி, வளையில் முட்டையிடுகின்றன. முயலின் பேற்றுக் காலத்தோடு தன் வாழ்வை இவ்வளவு பிணைத்துக்கொண்ட ஒரு பூச்சியை முயலினத்தின் கொலைகாரன் என்கிறோம்.

தெள்ளுக்குச் சிறகில்லை. தென்னமெரிக்காவின் வைரசை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தது அதுவன்று. 1952 ஜூன் மாதத்தில் பிரான்சின் மாய்புவா என்ற இடத்தில், போல் அர்மான் தெலீல் என்ற மருத்துவர் தமது தோட்டத்தில் பிடித்த இரண்டு முயல்களுக்கு அவ்வைரசை ஊசியால் ஏற்றி விட்டார். அதைச் சுவிட்சர்லாந்தின் ஆய்வுகூடமொன்றிலிருந்து பெற்றிருந்தார். தோட்டத்துக்கு மதில் இருந்தது. நோய் மதிலுக்குள் நிற்குமென அந்தப் படித்த மனிதர் நம்பினார். சில மாதங்களிலேயே அது வெளியே பரவியது. 1954 முடிவதற்குள் பிரான்சின் காட்டு முயல்களில் பத்தில் ஒன்பது பங்கு மடிந்துவிட்டது. வேட்டைக்காரரும் முயல் வளர்ப்போரும் கொதித்தெழுந்தனர். 1955 இல் நீதிமன்றம் அவருக்கு ஐயாயிரம் பிராங்க் தண்டம் விதித்தது. 1956 இல் அதே செயலுக்காக அவருக்குத் தங்கப் பதக்கம் அளிக்கப்பட்டது! பதக்கத்தின் ஒரு பக்கத்தில் அவர் முகம். மறுபக்கத்தில் செத்த முயல்.

பிரித்தானியாவில் 1953 இல் கென்ற் மாவட்டத்தில் நோய் தென்பட்டதும், கமக்காரர் சிலர் நோயுற்ற முயல்களைத் தூக்கிச் சென்று தமது நிலங்களில் விட்டனர். அதைக் குற்றமாக்க 1954 இல் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முயல்கள் அழிந்தன. மேய முயலின்றிப் புல் உயர்ந்தது. நிலம் குளிர்ந்தது. வெப்பமான தரையை நாடும் ஓர் எறும்பினம் அங்கிருந்து மறைந்தது. அந்த எறும்பின் கூட்டில் வளரும் பெரிய நீல வண்ணத்துப்பூச்சி 1979 இல் பிரித்தானியாவில் அற்றுப்போனது. பயிரைக் காக்க முயலை விட்டவர் எவரும் வண்ணத்துப்பூச்சியைக் கணக்கிற் கொள்ளவில்லை.

அவுஸ்திரேலியாவை மறந்துவிட்டீரா என்று சிலர் கேட்பர். மறக்கவில்லை. 1859 இல் ஒரு கனவான் வேட்டைக்காக விட்ட முயல்கள் அங்கே புல்வெளிகளைப் பாழாக்கியது உண்மை. 1950 இல் அரசே ஆராய்ந்து வைரசை விட்டது. மனிதருக்குத் தீங்கில்லை என்று காட்ட பிராங்க் பென்னர் உட்பட மூன்று அறிஞர்கள் 1951 இல் தம் உடலிலேயே அதனை ஏற்றிக்கொண்டனர். அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆயினும் அங்குகூட, தோற்றுவிட்டதெனக் கருதப்பட்ட களப்பரிசோதனைதான் திடீரென நுளம்புகளோடு ஆற்றங்கரைகள் நெடுகப் பறந்தது. சில ஆண்டுகளில் வைரசு வீரியம் குன்றியது. முயல்கள் எதிர்ப்புச் சக்தி பெற்றன. பிறகு 1960களின் பிற்பகுதியில் ஐரோப்பிய முயல் தெள்ளையும், வறண்ட பகுதிகளுக்கென 1993 இல் ஸ்பானியத் தெள்ளையும் இறக்கினர். தெள்ளு தானாகக் கப்பலேறவில்லை.

எனது கோபம் அரசு ஆராய்ந்து செய்ததன் மீதன்று. தன் வேலிக்குள் செய்வது தன் விருப்பம் என்று எண்ணிய நிலச்சொந்தக்காரன் மீதே. 1997 இல் நியூஸிலாந்து அரசு மற்றொரு முயற்கொல்லி வைரசுக்கு அனுமதி மறுத்த சில வாரங்களிலேயே அது அந்நாட்டில் தலைகாட்டியது. கமக்காரரே களவாகக் கொண்டுவந்து பரப்பியிருந்தனர். வேலிக்குள் நிற்கும் நோயை இதுவரை எவர் கண்டார்?

ஸ்பெயினில் முயல் அந்நியப் பிராணியன்று. அதுவே அதன் தாயகம். முயலை நம்பி வாழும் ஐபீரிய லிங்ஸ் பூனை, முயல் குறைந்ததாலும் வேட்டையாலும் 2002 அளவில் நூறுக்கும் கீழே போயிற்று. பெரும் பொருட்செலவில் மீட்டெடுத்து, 2023 இல் இரண்டாயிரத்தைத் தாண்டச் செய்துள்ளனர். ஆனால் 2018 இல் மிக்ஸோமடோசிஸ் வைரசு வேறொரு வைரசின் மரபுத் துண்டைப் பெற்று, அதுவரை மிக அரிதாகவே தீண்டிய இன்னோர் இனத்தைக் கொல்லத் தொடங்கியது. அது ஐபீரிய முயல். நம்முடையதைப் போலவே வளை தோண்டாத இனம்.